இனிமேல் கேட்காதே

புதுசா வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஒன்னை மொதல்லயே சொல்லிர்றேன். எனக்கு அந்த மெசின் மேல கோவம் கெடையாது. கோவப்பட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். பழியைத் தூக்கி அது தலையில போட்டுட்டு நிம்மதியா வீட்டுல பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன். அப்பிடிப் போட விடாம ஒரு பொண்ணு என் மேசைக்கு முன்னால வந்து நின்னுச்சு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். ஆளெடுக்குற பிரிவுல குந்தப் போற உங்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் என்கிட்ட இல்ல. சின்னப் பாடமெல்லாம் நெறைய இருக்கு, அதைக் கேன்டீன்ல கேளுங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. லுணுகலை பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுங்கள்ல பொறந்தவன் நான். அதே தோட்டத்து ஆபீஸ்ல இருவத்திரெண்டு வருசம் கிளாக்கர். அப்புறம் கம்பெனிக்காரங்க என்னைப் பதுளை ஆபீஸுக்கு, ஆளெடுக்குற பிரிவுக்கு மாத்துனாங்க. ஊவா மாகாணத்துல இருக்கிற நம்ம கம்பெனித் தோட்டத்துக்கெல்லாம் கிளாக்கரோ, வெளிக்கள உத்தியோகத்தரோ, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்களை விடுற புள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாளரோ, யாரை எடுத்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகணும். அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்துச்சு. இல்லைன்னு சொன்னா உங்க மெனேஜரே சிரிப்பாரு.

உங்கள்ல டவுன் புள்ளைங்களும் இருக்கீங்க, அதனால பெரட்டுன்னா என்னான்னு சொல்லிட்டுப் போறேன். காலையில வேலைக்குப் போறவங்க எல்லாரும் ஒரு எடத்துல வந்து நிப்பாங்க. பேர் வாசிப்போம், வேலை பிரிச்சுக் குடுப்போம். அதுதான் பெரட்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேரு. பிந்தி வந்தாலோ, கொழுந்து நெறை கொறைஞ்சாலோ அரைப்பேரு. அன்னைக்கு மலை ஏறி எறங்குனது முழு ஆளு, புத்தகத்துல இருக்கிறது பாதி ஆளு.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்குனது ஒரு பெரிய கிளாக்கர். பேர் வேணாம், அவரு புள்ளைங்க நல்லா இருக்காங்க. மொத நாளே ஒரு உபதேசம் பண்ணுனாரு. "பேர் வாசிக்கிறப்ப தலையைத் தூக்காதே. மூஞ்சியப் பாத்தா பேனா நின்னுரும்." நான் நல்ல சிஷ்யன். இருவத்திரெண்டு வருசம் தலையைத் தூக்கல. அந்தத் தோட்டத்துச் சனத்தோட காலெல்லாம் எனக்கு அத்துப்படி. யாருக்கு எந்த வெரல்ல நகம் இல்ல, யாரு செருப்புல எந்தப் பக்கம் கம்பி குத்தியிருக்கு, எல்லாம் சொல்லுவேன். மூஞ்சி பாதிப் பேருக்குத்தான் தெரியும்.

இப்ப மெசினுக்கு வாறேன்.

கொழும்பு ஆபீஸ்ல இருந்து ஒரு நாள் பெரிய கூட்டம் போட்டாங்க. கம்பியூட்டர் திரையில டை கட்டுன ஒருத்தரு வந்து, இனிமே ஆளெடுக்குறதுக்கு ஆள் தேவையில்லைன்னாரு. ஒரு பரீட்சைத் தளத்தை வாடகைக்கு எடுத்திருக்காங்களாம். விண்ணப்பம் போட்டவங்க ஃபோன்லயே பரீட்சை எழுதுவாங்களாம், புள்ளி தானா வருமாம். அதுக்கு மேல, நம்ம கம்பியூட்டருக்குள்ள ஒரு ஏஜென்ட் குந்தியிருக்குமாம். நாம தமிழ்ல சொன்னா போதும், பரீட்சை வைக்கிறது, அழைப்பு அனுப்புறது, புள்ளிப்படி பட்டியல் போடுறது, "வருந்துகிறோம்"னு கடிதம் எழுதுறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்குமாம். எனக்கு அந்தப் பேரே சரியாப் படல. எங்க ஊர்ல ஏஜென்ட்னா ஆளை மத்திய கிழக்குக்கு ஏத்தி அனுப்புற மனுசன்.

ரெண்டு கெழமை கழிச்சு அதே கொழும்புல இருந்து சுற்றறிக்கை வந்துச்சு. அந்த ஏஜென்டைப் பாத்துக்கிறதுக்குப் பதுளை ஆபீஸுக்கு உதவியாளர் ஒருத்தரை எடுக்கணும். தோட்டத்துப் புள்ளைங்களுக்கு முன்னுரிமை. தேர்வு பூரா ஏஜென்ட் மூலமா. அதாவது, மெசினைப் பாத்துக்கிற ஆளை மெசினே பொறுக்கிக்கும். "இதுல சிரிக்க என்னா இருக்கு?"ன்னு எங்க மெனேஜர் கேட்டாரு. "யாரும் சிரிக்கல சேர்"னு நான் சொன்னேன்.

ஏஜென்டையும் பரீட்சைத் தளத்தையும் இணைக்கிற வேலை என் தலையில விழுந்துச்சு. பட்டனை அமுக்குனா இணையும்னு நெனைச்சேன். அது கமாண்ட் லைனாம். கறுப்பு ஜன்னல் ஒன்னு தொறந்துச்சு. படம் இல்ல, பட்டன் இல்ல. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு நின்னுக்கிட்டு, சொல்லுடா பாப்போம்னு என்னையப் பாத்துச்சு. கொழும்புல இருந்து ஐ.டி. தம்பி ஒருத்தரு ஃபோன்ல சொல்லச் சொல்ல நான் ரெண்டு வெரலால அடிச்சேன்.

"சேர், இப்ப ரெண்டு கோடு போடுங்க."

"எங்க தம்பி?"

"அந்த வார்த்தைக்கு முன்னால. கோட்டுக்கும் வார்த்தைக்கும் நடுவுல எடம் விடாதீங்க."

எடம் விட்டுட்டேன். சிவப்பு எழுத்துல ஒரு வரி வந்துச்சு. 

"பரவாயில்ல சேர். இப்ப வார்த்தைக்கு அப்புறம் எடம் விடுங்க."

இந்தத் தடவை விடல. திரும்பவும் சிவப்பு. அந்தத் தம்பி நல்ல வளர்ப்பு. ஒரு பெருமூச்சு விட்டாரு, ஆனா ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிட்டு விட்டாரு.

அப்புறம் சாவின்னு ஒன்னு வந்துச்சு. நாப்பது எழுத்து, ஒன்னுக்கொன்னு சொந்தமே இல்ல. யாருக்கும் காட்டக்கூடாது, எங்கயும் எழுதி வைக்கக்கூடாதுன்னாரு. அப்ப எப்பிடி ஞாபகம் வைக்கிறதுன்னு கேட்டா, "கொப்பி பண்ணுங்க சேர்"னாரு. கொப்பி பண்ணத் தெரியாதவனா நான்? நகைக்கடைக் காலண்டரைத் திருப்பி, பேனாவால கொப்பி பண்ணி முடிச்சிட்டேன். அதைச் சொன்னதும் அவரு திரும்பவும் ஃபோனைத் தள்ளி வச்சாரு.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் இணைஞ்சுச்சு. கறுப்பு ஜன்னல்ல தமிழ்ல ஒரு வரி: "இணைப்பு வெற்றிகரமாக முடிந்தது. தாங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" தாங்கள். அந்த ஆபீஸ்ல எத்தனையோ வருசம் வேலை செஞ்சேன், ஒருத்தரும் என்னைத் தாங்கள்னு கூப்பிட்டதில்ல. எனக்கு அது மேல ஒரு பாசமே வந்துருச்சு. 

பாசம் ரெண்டு நாள்தான் நின்னுச்சு. ஏன்னா, அது எதைச் செய்யிறதுக்கு முன்னாலயும் கேக்கும். பரீட்சையை உருவாக்கட்டுமா? ஆம், இல்லை. சனிக்கிழமைக்கு வைக்கட்டுமா? ஆம், இல்லை. அழைப்பில் ஒன்பதில் இருந்து பன்னிரண்டு மணிக்குள் எப்போதும் தொடங்கலாம் என்று எழுதட்டுமா? ஆம். அனுப்பட்டுமா? ஆம், ஆம், ஆம். புதுசா கல்யாணம் கட்டுன பொண்ணு மாமியார் வீட்டுல உப்புப் போடுறதுக்குக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எனக்குப் பொறுமை கம்மி. அது என் வீட்டுக்காரிக்குத் தெரியும், இந்த மெசினுக்குத் தெரியல.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வீட்டுக்குப் போற பஸ்ஸுக்கு இன்னும் இருவது நிமிசம். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. ஆபீஸ் வேலைக்கு வாறவங்களுக்கு நேரம் முக்கியம் இல்லையா? ஒன்பது மணிக்குப் பரீட்சைன்னா ஒன்பது மணிக்கு வந்து நிக்கணும். அதுதானே பெரட்டு? கறுப்பு ஜன்னல்ல அடிச்சேன்: ஒன்பது பத்துக்கு மேல் தொடங்குகிறவர்களுக்குப் பாதிப் புள்ளி. அரைப்பேர்னே எழுதியிருப்பேன், அதுக்கு வெளங்குமோ என்னமோன்னு பாதின்னு போட்டேன். 

அது ஒரு பத்தி எழுதிக் காட்டுச்சு. கடைசியில மூனு தெரிவு. ஒன்னு, ரெண்டு, மூனு. மூனாவதுல "இனிமேல் கேட்காதே"ன்னு இருந்துச்சு. என் கண்ணுக்கு அது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. ஆகா, இதைத்தானே தேடிக்கிட்டு இருந்தேன்னு மூனை அமுக்கிட்டு, கொடையை எடுத்துக்கிட்டு கெளம்பிட்டேன். பஸ்ஸுல ஜன்னல் பக்கம் எடம் வேற கெடைச்சுச்சு. அன்னைக்கு நான் ரொம்ப சந்தோசமா வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை பரீட்சை நடந்துச்சு. பின்னேரம் ஏஜென்ட் யாரையும் கேக்காம பட்டியல் போட்டு, யாரையும் கேக்காமக் கடிதமும் அனுப்பிருச்சு. தேறுனவங்க அஞ்சு பேருக்கு வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. மத்தவங்களுக்கு வருந்துகிறோம். திங்கக்கிழமை மெனேஜர் வந்து என் முதுகுல தட்டுனாரு. அந்த மாசக் கடைசியில எனக்கு அறுவது முடியிது. என் வேலையை இன்னும் ஒரு வருசம் நீடிக்கிற கடிதம் அவரு மேசையில இருந்துச்சு, கையெழுத்துதான் பாக்கி. "உங்களை மாதிரி ஆளு போனா இந்த மெசினை யாரு மேய்க்கிறது?"ன்னாரு. எனக்கு மூத்த மகள் வீட்டுக்குக் கூரைத் தகடு மாத்தணும்னு ஒரு நெனைப்பு. அந்த ஒரு வருசம் எனக்கு வேணும்.

செவ்வாய்க்கிழமை காலையில அந்தப் பொண்ணு வந்துச்சு.

நான் வழக்கம்போல குனிஞ்சுதான் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் ரெண்டு கறுப்புச் சப்பாத்து தெரிஞ்சுச்சு. பள்ளிக்கூடச் சப்பாத்து, கழுவித் தொடைச்சு, ஓரத்துல மட்டும் செம்மண்ணு.

"சேர், யோகராணி. லுணுகலையில இருந்து வாறேன். சனிக்கிழமை பரீட்சை எழுதுனேன்."

"முடிவெல்லாம் அனுப்பியாச்சும்மா. அது சிஸ்டம் எடுக்குற முடிவு. எங்களால ஒன்னும் செய்ய ஏலாது." இந்த வசனத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சிஸ்டம் வாறதுக்கு முன்னால சிஸ்டம்ங்கிற எடத்துல "மேலிடம்"னு சொல்லுவேன்.

"முடிவை மாத்தச் சொல்லி வரல சேர். எனக்கு எங்க பிழைச்சுதுன்னு மட்டும் சொன்னா போதும். கொஞ்சம் நிமுந்து பாருங்க, ஃபோன்ல ஒன்னு காட்டணும்."

நான் நிமுரல. கைய மட்டும் நீட்டுனேன்.

"அம்மா சொல்லித்தான் விட்டுச்சு சேர். அந்தக் கிளாக்கர் ஐயா நிமுந்து பாக்க மாட்டாரு, நீதான் சொல்லிப் பாக்க வைக்கணும்னு."

நிமுந்தேன். என் தோட்டத்துப் பொண்ணு. இருவத்தி நாலு, இருவத்தஞ்சு வயசு இருக்கும். அழுவல, கோவமும் படல. ஃபோனை என் பக்கம் திருப்பிப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. பரீட்சை முடிஞ்ச ஒடனே தளம் காட்டுன புள்ளியை அது படம் புடிச்சு வச்சிருக்கு. நாப்பதுக்கு முப்பத்தெட்டு. அதுக்குக் கீழ எங்க கடிதம். தாங்கள் பெற்ற புள்ளி பத்தொன்பது, வருந்துகிறோம்.

"முப்பத்தெட்டு எப்பிடி சேர் பத்தொன்பதாச்சு?"

எனக்குத் தெரிஞ்சு போச்சு. அரைப்பேரு. காது ரெண்டும் சுட்டுச்சு. ஆனா, இருவத்திரெண்டு வருசத்துப் பழக்கம் அவ்வளவு லேசுல விடுமா? "எத்தனை மணிக்குத் தொடங்குனீங்க?"ன்னு கேட்டேன், என்னமோ பிழை அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி.

"பதினொரு மணிக்கு சேர். பன்னெண்டு வரைக்கும் தொடங்கலாம்னு அழைப்புல இருந்துச்சு."

"ஏன் அவ்வளவு பிந்தி?"

அதுக்கு அந்தப் பொண்ணு சொன்னதை அப்பிடியே சொல்றேன். அந்தத் தோட்டத்துல இருந்து நாலு பேரு விண்ணப்பம் போட்டிருக்காங்க. கோயிலுக்கு மேல தண்ணி டேங்க் இருக்கிற மேட்டுல மட்டுந்தான் சிக்னல் புடிக்கும். அது எனக்கும் தெரியும், அந்த மேட்டுல நின்னுதான் நானும் ஃபோன் பேசியிருக்கேன். நாலு பேர்ல பரீட்சைத் தளம் தொறக்கிற ஃபோன் யோகராணிக்கிட்ட மட்டுந்தான் இருந்திருக்கு. அதனால ஒரு ஃபோன், நாலு பேரு, ஆளுக்கு நாப்பது நிமிசம்.

"ஒருத்தங்க கொழுந்துக்குப் போகணும், கங்காணிக்கிட்டச் சொல்லிட்டு வந்திருந்தாங்க. அவங்க மொதல்ல. ஒரு அக்காவுக்குக் கைப்புள்ளை, அது ரெண்டாவது. அடுத்த தம்பிக்குப் பசறைக்குப் பஸ் புடிக்கணும். ஃபோன் என்னுது சேர், நான் எங்க போகப் போறேன்? கடைசியா எழுதுனேன்."

லயத்துல வளந்தவங்களுக்கு இதை வெளக்க வேணாம். பீலியில தண்ணி புடிக்கிறப்ப அவசரக்காரங்க முன்னால நிப்பாங்க. பீலிக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க கடைசியாத்தான் கொடத்தை வைப்பாங்க. யாரும் சட்டம் போட்டு வச்சதில்ல, ஆனா அப்பிடித்தான் நடக்கும். அந்தப் பீலித் தண்ணி குடிச்சு வளந்த நான்தான் ஒன்பது பத்துன்னு சட்டம் போட்டேன். அந்த மேடு தெரியும், அந்தச் சனம் தெரியும், ஆனா மூனை அமுக்குறப்ப எனக்கு பஸ்ஸு மட்டுந்தான் ஞாபகத்துல இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு. இப்பச் சொல்றப்பவும் இருக்கு.

"சரிம்மா, அடுத்த தடவை ஆளெடுக்குறப்ப..."ன்னு இழுத்தேன்.

"அடுத்த தடவைக்கு நான் இருக்க மாட்டேன் சேர். திங்கக்கிழமை கொழும்புல மெடிக்கல். பாஸ்போர்ட் ஏஜென்ட்கிட்ட இருக்கு. வீட்டு வேலைக்கு, ரெண்டு வருசம். இந்த வேலை கெடைச்சா பாஸ்போர்ட்டை வாங்கிட்டு வந்துரலாம்னு அம்மாக்கிட்ட சொல்லியிருந்தேன். அதான், எங்க பிழைச்சுதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

வெளி விறாந்தையில குந்தச் சொல்லிட்டு, கறுப்பு ஜன்னலைத் தொறந்தேன். இல்ல, அது மூடவே இல்ல. வெள்ளிக்கிழமையில இருந்து அப்பிடியேதான் கெடந்துச்சு. மேல உருட்டிக்கிட்டே போனேன். என் கட்டளை இருந்துச்சு. அதுக்குக் கீழ, பஸ் அவசரத்துல நான் வாசிக்காம விட்ட பத்தி: "தாங்கள் அனுப்பிய அழைப்பில் பன்னிரண்டு மணி வரை எப்போதும் தொடங்கலாம் என்று உள்ளது. இந்த விதி அதற்கு முரணானது. பிந்தித் தொடங்குவோர் தங்கள் தவறு இல்லாமலே பாதிக்கப்படலாம்." ஒன்னு, விதியை விடவும். ரெண்டு, நடைமுறைப்படுத்தவும். மூனு, நடைமுறைப்படுத்தவும், இனிமேல் கேட்காதே.

பாருங்க, அது சொல்லியிருக்கு. மரியாதையாவும் சொல்லியிருக்கு. என் பக்கத்துல குந்தியிருக்கிற ஒரு ஆளு சொல்லியிருந்தா, "ஒனக்கென்னா தெரியும்?"னு சண்டையாவது புடிச்சிருப்பேன். இதுக்கிட்டச் சண்டைகூடப் புடிக்கல, வாசிக்கவே இல்ல.

மெனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். சட்டம் போட்டது, புள்ளி பாதியானது ரெண்டையும் சொன்னேன். பத்தியைப் பத்தி வாய தொறக்கல. அவரு கதவைச் சாத்திட்டு, "சத்தம் போடாதீங்க, ஏஜென்ட் பண்ணுன பிழைன்னு கொழும்புக்குச் சொல்லிருவோம். புது மெசின் தானே, யாரு கேக்கப் போறா?"ன்னாரு. 

"அப்ப அந்தப் பொண்ணுக்கு?"

"தொழில்நுட்பக் கோளாறுன்னா முடிவு மாறாது. அடுத்த ஆளெடுப்புல இருந்து சரி பண்ணிக்கலாம். உத்தியோகத்தர் பிழைன்னாத்தான் இதே ஆளெடுப்புல திருத்தணும். சட்டம் அப்பிடி."

சட்டம் எனக்குத் தெரியாதா? அதை எழுதின கமிட்டியில பிஸ்கட் சாப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். மெசின் பிழைன்னா அந்தப் பொண்ணு திங்கக்கிழமை கொழும்புக்குப் போகும். என் பிழைன்னா அந்தப் பொண்ணு போகத் தேவையில்ல, நான் மாசக் கடைசியில வீட்டுக்குப் போகணும். மெனேஜர் அதை வாயால சொல்லல. நீடிப்புக் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள்ள வச்சாரு, அவ்வளவுதான்.

ரெண்டு மணிக்குக் கொழும்போட திரையில கூட்டம். அதுவரைக்கும் என் மேசையில குந்தியிருந்தேன். கறுப்பு ஜன்னலோட மூலையில ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கும். அதை அமுக்குனா உருட்டிப் பாத்ததெல்லாம் போயிரும்னு ஐ.டி. தம்பி ஒருக்கா சொல்லியிருந்தாரு. மவுஸ் அம்பைக் கொண்டு போய் அந்தக் குறிக்கு மேல வச்சேன். வச்சிட்டுக் கைய எடுக்கவும் இல்ல, அமுக்கவும் இல்ல. கூரைத் தகடு ஞாபகம் வந்துச்சு. மகள் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. நான் என்னா பெரிய தப்பா பண்ணிட்டேன், ஊர்ல இல்லாத தப்பான்னும் யோசிச்சேன். இப்ப வந்து மெசின் எல்லாத்தையும் தப்பாப் பண்ணுதுன்னு நாலு பேரு பேசுறாங்களே, அதோட இதுவும் அஞ்சாவதாப் போகட்டும்னு தோணுச்சு.

விறாந்தைப் பக்கம் பாத்தேன். தலையைத் தூக்கித்தான் பாத்தேன். யோகராணி குந்தியிருந்த எடத்துல இப்ப வேற ஒரு கெழவர் குந்தியிருந்தாரு, ஏதோ சேமலாப நிதிப் பத்திரத்துக்கு வந்தவரு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு எடம் குடுத்துட்டுச் சொவத்துல சாஞ்சு நின்னுச்சு. பாருங்க, இங்கயும் கடைசிதான். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. ஆத்திரம் அது மேல இல்ல.

கூட்டத்துல டை கட்டுனவரு சுருக்கமாவே பேசுனாரு. "பதுளையில ஏஜென்ட் ஒரு சின்னக் கோளாறு பண்ணியிருக்குன்னு கேள்விப்பட்டோம். குறிப்புல போட்டுக்குவோம். அடுத்த விசயம்..." மெனேஜர் மேசைக்கு அடியில என் காலை மிதிச்சாரு. அவருக்கும் காலுதான் வசதி.

"சேர், ஒரு நிமிசம்"னு சொன்னேன். "கோளாறு ஏஜென்ட் பண்ணல. நான் பண்ணுனேன். அது எச்சரிச்சிருக்கு, நான் வாசிக்கல. நான் அடிச்சதும் அது சொன்னதும் இந்தா இருக்கு, வாசிக்கிறேன்." வாசிச்சேன். நேரத்தோட வாசிச்சேன், வெள்ளிக்கிழமை எத்தனை மணி எத்தனை நிமிசம்னு. திரையில எல்லாரும் மைக்கை மூடிக்கிட்டாங்க. வாய் மட்டும் அசைஞ்சுச்சு. எனக்கு உதடு வாசிக்கத் தெரியாது, அதுவும் நல்லதுக்குத்தான்.

கொஞ்ச நேரத்துல டை கட்டுனவரு மைக்கைத் தொறந்தாரு. "இதை உத்தியோகத்தர் பிழைன்னு பதிய வேண்டி வரும். ஒங்களுக்கு அதுல என்னா நடக்கும்னு தெரியுமா?"

"தெரியும் சேர். பதியிங்க."

பிந்தித் தொடங்குனவங்க எல்லாருக்கும் பாதியை முழுசாக்குனாங்க. யோகராணி மட்டும் இல்ல, ஹல்துமுல்லைப் பக்கமும் இதே கதைதான், அங்கயும் ஒரு ஃபோனைச் சுத்திப் பல பேரு. புதுப் பட்டியல்ல யோகராணி மொதலாவது. வியாழக்கிழமை நேர்முகப் பரீட்சை. அதுலயும் தேறி வேலை கெடைச்சுச்சு. வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு பதுளை பஸ் ஸ்டாண்ட்ல அந்த இன்னொரு ஏஜென்டைப் பாத்துப் பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்குச்சு. குடுக்க மாட்டேன்னு அரை மணித்தியாலம் இழுத்தடிச்சாராம். எங்க ஏஜென்ட் எவ்வளவோ தங்கம்.

என் கடிதம் லாச்சியை விட்டு வெளிய வரவே இல்ல. மாசக் கடைசியில பிரியாவிடை வச்சாங்க. மாலை போட்டாங்க, கட்லட் குடுத்தாங்க. பரிசா ஒரு சொவர்க் கடிகாரம். "நேரந் தவறாமைக்கு எடுத்துக்காட்டா இருந்தவரு"ன்னு மெனேஜர் பேசுனாரு. கைதட்டுனாங்க. யோகராணி புது ஆளா பின்வரிசையில நின்னுச்சு. அது மட்டும் கைதட்டாம என்னையே பாத்துச்சு. நானும் பாத்தேன். கூரைத் தகட்டை மருமகன் எப்பிடியோ மாத்திக்கிட்டாரு. அதுல எனக்குக் கொஞ்ச நாள் மன வருத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். 

இது நடந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இப்ப நீங்க கேக்கலாம், வீட்டுக்கு அனுப்புன மனுசனை எதுக்கு திரும்பக் கூட்டியாந்து எங்களுக்கு முன்னால நிக்க வச்சிருக்காங்கன்னு. யாரும் கூட்டியாரல. புதுசா வாறவங்களுக்குப் பகுதி நேரமாப் பயிற்சி குடுக்க ஆள் வேணும்னு விளம்பரம் பாத்தேன். விண்ணப்பம் போட்டேன். ஒங்களை மாதிரியே எனக்கும் அழைப்பு வந்துச்சு, அதே தளம், அதே ஏஜென்ட், காலையில சரியா ஒன்பது மணிக்குத் தொடங்கணும்னு. என் வீட்டுல சிக்னல் ஒரு கோடு, அதுவும் மழை இல்லாட்டி. பதுளையில சின்ன மகள் வீட்டுக்குப் போய் எழுதலாம்னு விடியக் காத்தாலயே பஸ் ஏறுனேன். பசறை தாண்டி ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. அதைத் தள்ளி வழி விடுற வரைக்கும் பஸ்ஸுக்குள்ள குந்திக்கிட்டு, என் பரிசுக் கடிகாரத்தை நெனைச்சுக்கிட்டேன்.

மகள் வீட்டுல ஃபோனைத் தொறந்தப்ப ஒன்பது இருவத்தெட்டு. சரி, எனக்கும் பத்தொன்பதுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா கேள்விக்கு முன்னால ஒரு பெட்டி வந்துச்சு, என் காலத்துல இல்லாத பெட்டி. "தாங்கள் பிந்தித் தொடங்குகிறீர்கள். காரணத்தைத் தங்கள் வார்த்தையில் எழுதுங்கள். ஒரு ஆள் வாசிப்பார்."

எழுதுனேன். பசறை, மண்ணு, பஸ்ஸு, எல்லாம். எழுதறப்ப கண்ணு கொஞ்சம் மங்குச்சு, கண்ணாடியைத் தொடைச்சிக்கிட்டேன். பரீட்சையையும் எழுதி முடிச்சேன். ஒரு மணித்தியாலம் இருக்கும், ஃபோன் வந்துச்சு.

"சேர், யோகராணி பேசுறேன். ஏஜென்ட் காரணத்தை எனக்கு அனுப்பி, ஏத்துக்கட்டுமான்னு கேக்குது. அதான் வாசிச்சிக்கிட்டு இருக்கேன்."

"நம்மளத் தெரிஞ்ச ஆளுன்னு பாக்காதீங்கம்மா"ன்னேன். நெசமாத்தான் சொன்னேன்.

"பாக்கல சேர். அந்த பஸ் லைன்ல போற டிரைவர்கிட்டக் கேட்டேன். மண்ணு விழுந்தது நெசந்தான்." அந்தப் பக்கம் ஒரு பொத்தான் அமுக்குற சத்தம் கேட்டுச்சு. "முழுப்பேர் போட்டுட்டேன் சேர்."